கம்ப்யூட்டர் மானிட்டர் வாங்கலாமா, வேண்டாமா? டர்பன் வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

லேப்டாப் திரை போதவில்லை, தனியாக ஒரு மானிட்டர் வாங்கிவிடலாமா என்று கேட்பவர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள், கோயில் கணக்கு எழுதும் பெரியவர்கள், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பாடம் தட்டச்சு செய்பவர்கள் என்று பலவகை. கேட்கும்போதே பெரும்பாலும் கையில் ஏதாவது ஒரு கடையின் ஸ்பெஷல் விளம்பரம் இருக்கும். அதில் இஞ்சும் ரான்ட் விலையும் கொட்டை எழுத்தில், முக்கியமான மற்ற விவரமெல்லாம் அடியில் எறும்பு எழுத்தில்.

நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் தேவை, பிறகு மேசை, பிறகு எழுத்து, பிறகு கரண்ட். கடைப் பக்கம் போவது கடைசியில்தான்.

முதல் படி: பணம் செலவில்லாமல் ஒரு சோதனை

லேப்டாப்பை நாலு தடிமனான புத்தகங்களின் மேல் வைத்து, திரையின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தனிக் கீபோர்டும் மவுஸும் யாரிடமாவது ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். விண்டோஸில் எழுத்தின் அளவை 125 அல்லது 150 சதவீதம் ஆக்குங்கள். கழுத்து வலிக்கும் கண் எரிச்சலுக்கும் இதிலேயே விடை கிடைத்துவிடுவது உண்டு. அப்படியானால் உங்களுக்கு வேண்டியது ஒரு கீபோர்டும் ஒரு ஸ்டாண்டும்தான். மானிட்டர் பணம் மிச்சம்.

இரண்டு ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்பவர்களுக்கும், அகலமான கணக்குத் தாள்களோடு மல்லுக்கட்டுபவர்களுக்கும் இந்த வைத்தியம் போதாது. அவர்களுக்கு இடம் வேண்டும். நாளெல்லாம் 14 இஞ்ச் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவருக்கு மானிட்டர் ஆடம்பரம் இல்லை.

"வீட்டில்தான் 32 இஞ்ச் டிவி சும்மா கிடக்கிறதே, அதை மாட்டிக்கொள்ளக் கூடாதா?" நியாயமான கேள்விதான். ஒரு நாள் எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டிப் பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் மலிவான 32 இஞ்ச் டிவிகளில் பலவும் 1366க்கு 768 பிக்சல்தான் (பிக்சல் என்பது திரையின் மிகச் சிறிய கட்டம்). ஒரு இஞ்சுக்கு 49 பிக்சல் அளவில் வருகிறது. மூன்று மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்க அது தாராளம். ஒரு முழம் தூரத்தில் வைத்துப் படித்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். பல டிவிகள் எழுத்தின் ஓரங்களில் நிறத் தகவலைக் குறைத்து வேறு காட்டும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து கலங்கலாகத் தெரிவது அதனால்தான். 4கே (3840க்கு 2160 பிக்சல்) டிவியாக இருந்து, படத் தேர்வில் பிசி முறையும் இருந்தால் சமாளிக்கலாம். அதற்கும் ஆழமான மேசை வேண்டும்.

இரண்டாம் படி: மேசையை அளங்கள்

கடைக்குப் போகுமுன் அளவு நாடாவை எடுங்கள். 24 இஞ்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் சுமார் 53 செ.மீ., உயரம் 30 செ.மீ. 27 இஞ்ச் என்றால் 60க்கு 34. இதெல்லாம் எல்லா மேசையிலும் அடங்கும். இடிப்பது ஆழம்தான். ஸ்டாண்டின் பாதம் 20 முதல் 25 செ.மீ. வரை பின்னுக்கு நீளும். 60 செ.மீ. ஆழமுள்ள சாதாரண மேசையில் திரை எங்கே வந்து நிற்கும் என்று ஒரு அட்டைப் பெட்டியை வைத்துப் பாருங்கள். கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரம் இருக்க வேண்டும். அதைவிடக் கிட்டே வந்தால் 27 இஞ்சை மறந்துவிட்டு 24 எடுங்கள்; அல்லது மேசை விளிம்பில் பிடித்துக்கொண்டு மானிட்டரைத் தாங்கும் கை (ஆர்ம்) வாங்குங்கள். கை மாட்ட, மானிட்டரின் முதுகில் 100 மி.மீ. இடைவெளியில் நாலு திருகுத் துளை இருக்க வேண்டும். பெட்டியில் வெசா 100 என்று போட்டிருக்கும். சில மலிவு மாடல்களில் அது கிடையாது.

ஜன்னலையும் பாருங்கள். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும். இந்தியாவில் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டுத் தெற்கு ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. வடக்கு ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெளிச்சம் முழுக்கத் திரையில் விழும். முன்னால் இருந்தால் கண் கூசும். பக்கவாட்டில் இருக்கட்டும்.

உயரம் ஏற்றி இறக்கும் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். நான் பணத்தை முதலில் போடுவது இதில்தான். பைஃபோகல் அல்லது புரோகிரசிவ் கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியின் கீழ்ப் பாதி வழியாகப் படிப்பார்கள். திரை உயரமாக இருந்தால் நாளெல்லாம் மோவாயைத் தூக்கிக்கொண்டே உட்கார வேண்டிவரும். அவர்களுக்குத் திரை வழக்கத்தைவிடத் தாழ்வாகவும், சற்றே மேல்நோக்கிச் சாய்ந்தும் இருப்பது நல்லது. சாய்வு மட்டும் உள்ள மலிவு ஸ்டாண்டில் உயரத்தைக் குறைக்க வழியே இல்லை.

மூன்றாம் படி: எழுத்துக்குத் தகுந்த திரை

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் விளையாட்டையோ ஆங்கில எழுத்தையோ மனதில் வைத்து எழுதியவை. தமிழ் படிக்கிறவருக்கு, தட்டச்சு செய்கிறவருக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். ஆங்கில எழுத்து பெரும்பாலும் கோடும் அரை வட்டமும். நம் எழுத்தில் சுழி, வளைவு, அதற்கு மேல் புள்ளி. சாதாரண அளவில் அந்தப் புள்ளிக்குத் திரையில் கிடைப்பது ஒன்றிரண்டு பிக்சல்தான். பிக்சல் பெரிதாக இருந்தால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ன-வுக்கும் ண-வுக்கும் சுழி வித்தியாசம் மங்கும். மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. திருவிழா அழைப்பிதழில் விட்டுப்போன ஒரு புள்ளி, அச்சாகி ஊரெல்லாம் போன பிறகுதான் கண்ணில் படும்.

ஆகவே இஞ்சை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு இஞ்சுக்குள் எத்தனை பிக்சல் என்று பாருங்கள். 24 இஞ்சில் 1920க்கு 1080 என்றால் சுமார் 92. அதே 1920க்கு 1080-ஐ 27 இஞ்சில் நீட்டினால் 82 ஆகிவிடும். எழுத்து பெரிதாகத் தெரியும், தெளிவு குறையும். ஸ்பெஷல் விளம்பரங்களில் "பெரிய 27 இஞ்ச், மலிவு விலை" என்று வருபவை அநேகமாக இந்த ரகம்தான். 27 இஞ்ச் வேண்டுமானால் 2560க்கு 1440 எடுங்கள். அதில் 109 வருகிறது. 4கே என்றால் 163. விண்டோஸில் 150 சதவீதம் வைத்துக்கொண்டால் தமிழ் எழுத்து அச்சுப் புத்தகம்போல் இருக்கும்.

என் தீர்ப்பு: தமிழிலேயே நாள் முழுக்க வேலை என்றால் 27 இஞ்ச் 4கே-வுக்குச் சேமித்து வாங்கலாம். மின்னஞ்சல், கணக்கு, பிள்ளைகளின் பள்ளி வேலை என்றால் 24 இஞ்ச் 1080 போதும். ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2018-இல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்து குறைந்த பிக்சல் திரைகளில் எழுத்தைக் கூர்மையாக்கும் பழைய முறையை மேக் விட்டுவிட்டது. 109 பிக்சல் திரையில் விண்டோஸ் எழுத்து திருத்தமாக இருக்கும். மேக் எழுத்து சற்றுப் பூசினாற்போல் தெரியும். மேக்குக்கு 4கே-வே சரி.

கடையில் இதைச் சோதிக்காமல் வாங்க வேண்டாம். அங்கே ஓடும் டெமோ படத்தில் மீனும் பூவும் பளபளக்கும். அதை வைத்து ஒன்றும் தெரியாது. உங்கள் லேப்டாப்பையும் ஒரு எச்டிஎம்ஐ கேபிளையும் கையோடு கொண்டுபோய், "அஞ்சு நிமிஷம் மாட்டிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் விடுவார்கள். ஒரு தமிழ்ப் பக்கத்தை 100 சதவீதத்தில் திறந்து "கண்ணன் மன்னன் கொஞ்சம் ஸ்ரீ க்ஷ ணை ஞௌ" என்று அடித்து, கை நீட்டும் தூரத்தில் நின்று பாருங்கள். புள்ளி தனியாக நிற்கிறதா, சுழி திறந்திருக்கிறதா, அவ்வளவுதான் தேர்வு. கடைப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான். பார்க்கட்டும்.

நாலாம் படி: பேனல் வகை

பேனல் என்பது படத்தைக் காட்டும் பலகை. அதில் ஐபிஎஸ், விஏ, டிஎன், ஓலெட் என்று நாலு வகை. டிஎன் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஐபிஎஸ் எந்தக் கோணத்திலும் நிறம் அதிகம் மாறாது, எழுத்து வேலைக்கு ஏற்றது. விஏ-வில் கறுப்பு ஆழமாக இருக்கும்: வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம் ஐபிஎஸ்ஸில் வழக்கமாக 1000க்கு 1 என்றால் விஏ-வில் 3000க்கு 1. இருட்டறையில் படம் பார்க்க நல்லது. ஓலெட் படத்துக்கு அற்புதம். ஆனால் ஒரே பட்டியும் மெனுவும் நாளெல்லாம் நிற்கும் ஆபீஸ் வேலையில் அதன் தடம் திரையில் பதிந்துவிடும் ஆபத்து உண்டு. அதன் துணைப் பிக்சல் (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் தனித்தனி நிறத் துண்டு) அமைப்பும் வேறு என்பதால் பல மாடல்களில் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும். குழம்பினால் ஐபிஎஸ் எடுங்கள்.

ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு) பற்றிப் பிள்ளைகள் பெரிய பாடமே எடுப்பார்கள். 144, 165, 240 எல்லாம் விளையாட்டுக்கு. கம்ப்யூட்டரில் அதற்கேற்ற கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் அந்த எண் பெட்டியிலேயே தங்கிவிடும். எழுத்து வேலைக்கு 60 போதும். 75, 100 இப்போது சாதாரண மாடல்களிலேயே வருகிறது. வந்தால் நல்லது, அதற்கென்று கூடுதல் பணம் தராதீர்கள்.

ஐந்தாம் படி: லேப்டாப்பில் என்ன வாய் (போர்ட்) இருக்கிறது?

லேப்டாப்பின் பக்கவாட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். எச்டிஎம்ஐ இருந்தால் சுலபம். ஆனால் பழைய லேப்டாப்பில் எச்டிஎம்ஐ 1.4 இருந்தால் 4கே-வை நொடிக்கு 30 தடவைதான் காட்டும். மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும். 60க்கு எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும். யுஎஸ்பி-சி வாய் இருந்தால் ஒரே கேபிளில் படமும் போகும், லேப்டாப்பும் சார்ஜ் ஆகும், மேசையும் சுத்தமாக இருக்கும். ஆனால் எல்லா யுஎஸ்பி-சி வாயிலும் படம் வராது. சிலவற்றில் சார்ஜும் ஃபைலும் மட்டும்தான். லேப்டாப் கம்பெனியின் விவரத் தாளில் டிஸ்ப்ளேபோர்ட் என்றோ தண்டர்போல்ட் என்றோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேக்புக் ஏர் எம்1, எம்2 இரண்டும் ஒரு வெளித் திரையைத்தான் இயக்கும். இரண்டு மானிட்டர் கனவு இருந்தால் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆறாம் படி: கரண்ட்

2022, 2023 ஆண்டுகளின் லோட்ஷெடிங்கை, அதாவது முறைவைத்துக் கரண்ட் நிறுத்தியதை, யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024 மார்ச் கடைசியிலிருந்து நிலைமை எவ்வளவோ பரவாயில்லை என்றாலும், கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு, மழை வெள்ளம் என்று கரண்ட் போக இங்கே காரணத்துக்குப் பஞ்சமில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் பல பகுதிகளில் கரண்டும் தண்ணீரும் நின்றுபோனது நினைவிருக்கும்.

லேப்டாப்புக்குள் பேட்டரி இருக்கிறது, மானிட்டருக்குள் இல்லை. கரண்ட் போன நொடியில் மானிட்டர் கறுத்துவிடும், நீங்கள் மறுபடி சின்னத் திரைக்குத் திரும்பிவிடுவீர்கள். அது உங்களுக்குப் பரவாயில்லையா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். பரவாயில்லை என்றால் இந்தப் படியில் பாதியைத் தாண்டிவிடலாம்.

இல்லை, வேலை நிற்கக் கூடாது என்றால் கணக்குப் போடுவோம். 24 இஞ்ச் எல்இடி மானிட்டர் 15 முதல் 25 வாட் வரை இழுக்கும். சின்ன யுபிஎஸ் பெட்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. அதாவது 84 வாட்-மணி. யுபிஎஸ்ஸின் சொந்தச் செலவு போக, கைக்கு வருவது பாதிக்குக் கொஞ்சம் மேல். 25 வாட் மானிட்டரை மட்டும் மாட்டினால் ஒன்றே முக்கால் மணி நேரம் போல ஓடும். லேப்டாப்பையும் ரவுட்டரையும் சேர்த்து மாட்டினால் ஒரு மணி நேரமே சந்தேகம். அதோடு இந்த ஈய-அமில பேட்டரியை அடிக்கடி அடிமட்டம் வரை இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஏற்கெனவே வீட்டில் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. 25 வாட் அதற்குத் தூசு.

கரண்ட் போவதைவிடத் திரும்பி வருவதுதான் சாதனங்களுக்கு ஆபத்து. திரும்பும்போது எழும் வோல்டேஜ் தாவலில் அடாப்டர் கருகலாம். சர்ஜ் பாதுகாப்பு உள்ள பிளக் ஒன்று கட்டாயம். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் இருப்பவர்கள் கோடைக்கால மாலை இடியைப் பார்த்திருப்பீர்கள். வானம் கறுத்தால் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவதற்கு நிகர் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

பிளக் விஷயம் சின்னதுதான், ஆனால் பெட்டியைப் பிரித்த அன்று இதில்தான் மாட்டுவோம். நம் சுவரில் இருப்பது மூன்று தடித்த உருளை முள் சாக்கெட். புதிய கட்டடங்களில் சின்ன அறுகோண சாக்கெட்டும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் வேறு பிளக் இருந்தால் அடாப்டர் மேல் அடாப்டராக அடுக்க வேண்டாம், அங்கேதான் சூடேறும். மானிட்டருக்குள்ளேயே பவர் சப்ளை இருந்தால், கம்ப்யூட்டருக்கு மாட்டும் கெட்டில் கார்டு (மின்கம்பி) அப்படியே பொருந்தும். நம்மூர் பிளக்கோடு எந்தக் கடையிலும் கிடைக்கும்.

மின் கட்டணத்தை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. 25 வாட், நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் 4.4 யூனிட். கீசர் தின்பதில் இது ஒரு மூலைக்கும் காணாது.

ஏழாம் படி: புதிதா, பழையதா, எங்கே?

புதிது வாங்கினால் விலையில் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி (வாட்) அடக்கம். நவம்பரில் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி வருகிறது. அவசரம் இல்லையென்றால் காத்திருக்கலாம். ஆனால் மாடல் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு செப்டம்பரிலேயே விலையைப் பார்த்து வாருங்கள். அப்போதுதான் தள்ளுபடி நிஜமா என்று தெரியும்.

டேக்கலாட் மாதிரி ஆன்லைன் கடையில் வாங்கினால் சட்டம் உங்கள் பக்கம் கூடுதலாக நிற்கிறது. 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி, பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. கடையில் நேரில் வாங்கிவிட்டு "பிடிக்கவில்லை" என்று திரும்பிப் போனால் அந்த உரிமை கிடையாது. அது கடைக்காரர் மனசு.

பழுது என்றால் வேறு கதை. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு 6 மாதம் தருகிறது. அதற்குள் குறைபாடு தெரிந்தால் சரிசெய்து தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்தான். "ரிப்பேர்தான் செய்வோம்" என்று கவுண்டரில் சொன்னால் இந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ரிப்பேர் செய்த அதே கோளாறு 3 மாதத்துக்குள் திரும்பினால் மாற்றமோ பணமோ கொடுத்தாக வேண்டும். பில்லையும் பெட்டியையும் அதுவரை வைத்திருங்கள்.

பழையது என்றால் என் முதல் தேர்வு, ஆபீஸ்கள் குத்தகை முடிந்து திருப்பிக் கொடுத்த மானிட்டர்கள். கடைக்காரர்கள் சுத்தம் செய்து விற்பார்கள். டெல், எச்பி 24 இஞ்சில் 1920க்கு 1200 உள்ளவை கிடைத்தால் விடாதீர்கள். அந்தக் கூடுதல் 120 வரிகள் ஆவணம் படிக்க நன்றாக இருக்கும். ஸ்டாண்டும் ஏறி இறங்கும். பழைய 17 இஞ்ச் சதுரத் திரைகளை யாராவது சும்மா தந்தால் வாங்குங்கள், காசு கொடுக்காதீர்கள். பின்னொளிக்கு எல்இடி இல்லாமல் பழைய குழல் விளக்கு இருந்தால் வெள்ளை மஞ்சளித்திருக்கும்.

தனி ஆளிடம் வாங்கும்போது மேற்சொன்ன 6 மாத உத்தரவாதம் கிடையாது. விளம்பரத்திலேயே ஃபூட்ஸ்டூட்ஸ் என்று போட்டிருப்பார்கள், இருக்கிறபடியே எடுத்துக்கொள் என்று. அப்போது ஓடவிட்டுப் பார்க்காமல் காசு கைமாறக் கூடாது. பாதுகாப்புக்காகக் கடைவீதி கார் பார்க்கில் சந்திக்கலாம் என்பார்கள். நல்லதுதான், ஆனால் அங்கே பிளக் இல்லை. பிளக் பாயின்ட் உள்ள காபிக் கடையாகப் பார்த்துச் சொல்லுங்கள். கால் மணி நேரம் ஓடட்டும். சூடானபின் சிமிட்டுகிறதா, காதை வைத்தால் ரீங்காரம் கேட்கிறதா, எல்லா வாயும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அடாப்டர் தனியாக வரும் மாடல் என்றால் அது அதே கம்பெனியுடையதா, வோல்ட் பொருந்துகிறதா என்று பின்பக்கச் சீட்டோடு ஒப்பிடுங்கள்.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்ததும்

ஆன்லைன் என்றால் 7 நாள் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது, அன்றைக்கே பிரித்துவிடுங்கள். முழுத் திரையில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். 1080 திரையில் மட்டும் 20,73,600 பிக்சல், ஒவ்வொன்றிலும் மூன்று துணைப் பிக்சல். அதில் ஒன்றிரண்டு செத்திருந்தால் பல கம்பெனிகள் குறைபாடாக ஏற்காது. அவர்களுக்கென்று ஒரு அளவு வைத்திருப்பார்கள். அதனால்தான் இந்தச் சோதனையைக் காரணம் கேட்காத அந்த ஏழு நாளுக்குள் முடிக்கச் சொல்கிறேன். கறுப்புத் திரையின் ஓரங்களில் வெளிச்சம் கசிவது ஐபிஎஸ்ஸில் கொஞ்சம் இருக்கும். போனில் படம் எடுத்தால் பூதாகரமாகத் தெரியும். அதை நம்பாமல் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பிரகாசம் கடைக்காக உச்சத்தில் வைத்திருக்கும், குறையுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும் வரை இறக்கினால் சரியாக இருக்கும். கடலோரத்தில், உம்லாங்கா, இசிபிங்கோ பக்கம் இருப்பவர்கள் திரையை ஜன்னலோரம் வைக்க வேண்டாம்; உப்புக் காற்று வாய்களில் பச்சை பூக்க வைக்கும். துடைக்க மைக்ரோஃபைபர் துணியும் கொஞ்சம் தண்ணீரும் போதும். தண்ணீரைத் துணியில் தெளியுங்கள், திரையில் தெளிக்காதீர்கள்.

பழைய மானிட்டரைக் குப்பை வண்டியில் போட வேண்டாம். 2021 ஆகஸ்ட் முதல் மின்னணுக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்டத் தடை இருக்கிறது. பழைய குழல் விளக்குத் திரைகளில் பாதரசமும் உண்டு. ஓடும் நிலையில் இருந்தால் தமிழ் வகுப்புக்கோ கோயில் அலுவலகத்துக்கோ கேட்டுப் பாருங்கள். ஓடாததை மின்னணுக் கழிவு வாங்கும் கடைகளின் பெட்டியில் போடலாம். கொடுக்கும்போது கெட்டில் கார்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எப்போதாவது தேவைப்படும்.